காசு இருந்தது, குழாய் இல்லை: போர்க்காலத்தில் ஒரு சிறு நகர மன்றத்தின் வேலை

1943இல் அமெரிக்காவில் பத்து, பதினைந்தாயிரம் பேர் குடியிருந்த ஏதாவது ஒரு நகரத்தின் மன்றக் குறிப்பேட்டை எடுத்து, அதில் இரண்டாம் உலகப் போரைத் தேடினால் முதலில் ஏமாற்றம்தான் மிஞ்சும். சென்ற கூட்ட நடவடிக்கைகள் வாசித்து ஏற்கப்பட்டன. பில்களுக்கு ஒப்புதல். ஒரு தெருவில் சாக்கடை பொங்குவதாகப் புகார். நாய் உரிமக் கட்டணம் கட்டாதவர்கள் பட்டியல். தீயணைப்பு ஹோஸ் வாங்கும் பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பு. அடுத்த கூட்டத்திலும் தள்ளிவைப்பு. அதற்கடுத்த கூட்டத்திலும் அதே வரி. போர் அந்தத் தள்ளிவைப்புகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மன்றம் என்பது மேயரும் ஐந்திலிருந்து ஒன்பது உறுப்பினர்களும். மருந்துக்கடை, மரக்கடை, காப்பீட்டு முகவாண்மை என்று சொந்தத் தொழில் பார்ப்பவர்கள். மாதம் இருமுறை மாலையில் கூடுவார்கள், சம்பளம் பேருக்குத்தான். கூட்டம் கலைந்த பிறகு தீர்மானங்களைக் காரியமாக்குபவர் நகரச் செயலர். அந்த நான்கு ஆண்டுகளில் சிறு நகரங்களை நடத்தியவர்கள் யார் என்று கேட்டால், மேயரைவிட அந்தச் செயலரையும் அவர் மேசையிலிருந்த தட்டச்சுப் பொறியையும்தான் காட்ட வேண்டும்.

அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எந்தச் செலவுப் பொருள் வந்தாலும் எழுந்த கேள்வி ஒன்றே: பணம் இருக்கிறதா? பொருளாதாரப் பெருமந்தத்தில் வீட்டு வரி வசூலாகவில்லை. தெரு போடுவதும் சாக்கடை வெட்டுவதும் டபிள்யூபிஏ என்ற மத்திய வேலைத் திட்டத்தின் தயவில் நடந்தன. போர் வந்ததும் நிலைமை தலைகீழானது. எல்லோருக்கும் வேலை கிடைத்தது, பழைய வரிப் பாக்கிகள்கூட வந்து சேர்ந்தன. ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு வாங்கப் பொருள் இல்லை. டபிள்யூபிஏவும் 1943 ஜூனோடு மூடப்பட்டது. பணம் இருக்கிறதா என்ற கேள்வி போய், தரம் இருக்கிறதா என்ற கேள்வி வந்தது.

தரம் என்றால் முன்னுரிமைத் தரம். 1942 ஜனவரி 16இல் அமைந்த போர் உற்பத்தி வாரியம், எஃகு, செம்பு, ரப்பர் கலந்த எந்தப் பொருளை யாருக்கு முதலில் தருவது என்று எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு வரிசை வைத்திருந்தது. முதலில் ஏ-1-ஏ தொடங்கி ஏ-10 வரை. எல்லோரும் மேல்தரம் கேட்டதில் கீழ்ப்படிகள் செல்லாக்காசாகின. 1942 நடுவில் அதற்கெல்லாம் மேலே ஏஏ-1 என்ற புதுப்படி வைத்தார்கள். ஏ-10 தரச் சான்று கையில் வைத்திருந்த நகரத்துக்கு அது பீரோவில் பூட்டி வைக்கத்தான் உதவியது.

தரம் வாங்க பிடி-1ஏ என்ற படிவம் நிரப்ப வேண்டும். என்ன பொருள், எத்தனை, எதற்கு, எப்போதைக்குள். இதில் சிறு நகரங்கள் வழக்கமாகச் சறுக்கிய இடம் ‘எதற்கு’ என்ற கட்டம். ‘நகராட்சிப் பயன்பாட்டுக்கு’ என்று எழுதி அனுப்பினால் வாஷிங்டனில் அதற்கு மதிப்பே இல்லை. எந்த வால்வு உடைந்தது, அது இல்லாவிட்டால் எந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் நிற்கும், அந்த வட்டத்தில் போர்த் தொழிற்சாலை எது என்று எழுதினால் காரியம் நடக்கும். தொழிற்சாலைக்குத் தண்ணீர் கொடுத்த நகரத்துக்கு அது எழுதச் சுலபம். வயலும் பால்பண்ணையும் மட்டும் இருந்த நகரம் அதே வால்வுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தது. இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி மன்றங்களில் எழுந்த முணுமுணுப்பில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

குடிநீர்ப் பிரிவுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி இருந்தது. பி-46 என்ற ஆணை, தண்ணீர், மின்சாரம், எரிவாயு நிறுவனங்களுக்குப் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒட்டுமொத்தமாகத் தரம் கொடுத்தது. ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியே மனுப் போட வேண்டாம். கையிருப்பை அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே ‘நீட்டிப்பு’ என்று சொன்னால் நின்றுபோகும் வேலை ‘பழுதுபார்ப்பு’ என்றால் நடக்கும். மன்றத் தீர்மானங்களின் மொழி அந்த ஆண்டுகளில் மாறியதற்கு இது ஒரு காரணம். புதுத் தெருவுக்குக் குழாய் என்ற பேச்சு அருகிப்போய், இருக்கும் குழாயை மாற்றும் பேச்சு பெருகியது.

கட்டடப் பக்கம் சொல்வதற்கு அதிகம் இல்லை. 1942 ஏப்ரல் 9இல் வந்த எல்-41 ஆணை, வீட்டுக்கு 500 டாலர், பண்ணைக்கு 1,000 டாலர், மற்றவற்றுக்கு 5,000 டாலருக்கு மேற்பட்ட கட்டுமானத்தை அனுமதியின்றித் தொடங்கக்கூடாது என்றது. சில மாதங்களில் அந்த வரம்பும் குறைந்தது. கட்டட அனுமதிக் கட்டணம் வற்றியது, கட்டட ஆய்வாளரை வேறு வேலைக்குத் திருப்பினார்கள்.

டெண்டர் விவகாரம் இதைவிடச் சிக்கல். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் விளம்பரம் செய்து, மூடிய உறையில் விலை கேட்டு, குறைந்த விலைக்காரருக்குத் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். 1942 ஏப்ரல் 28இல் வந்த பொது விலைவரம்பு, அந்த ஆண்டு மார்ச்சில் விற்ற அதிகபட்ச விலைக்கு மேல் யாரும் விற்கக்கூடாது என்றது. சரக்குக்குத் தட்டுப்பாடு, விலைக்கோ கூரை: யார் குறைத்துக் கேட்பார்? உறையைப் பிரித்தால் எல்லாம் வரம்பு விலையிலேயே நிற்கும். அல்லது உறையே வராது. வந்ததிலும் ‘தரச் சான்று கிடைத்தால், சரக்கு கிடைத்தால்’ என்ற நிபந்தனை தொங்கும். அப்படி நிபந்தனை போட்ட விலைப்புள்ளி சட்டப்படி செல்லுமா என்று நகர வழக்கறிஞரிடம் கேட்பார்கள். அவர் செல்லாது என்பார். மறுபடி விளம்பரம். இரண்டு முறை விளம்பரம் செய்தும் யாரும் வரவில்லை என்று பதிவு செய்த பிறகு நேரடியாகப் பேசி வாங்கலாம் என்பது பல மன்றங்கள் கண்ட வழி. குறிப்பேட்டில் ‘விலைப்புள்ளி எதுவும் வரவில்லை’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம்; அந்த வரி இல்லாமல் தணிக்கையில் தப்ப முடியாது.

குப்பை வண்டியின் டயர்

அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 சதவீதம் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. ஜப்பான் அங்கே இறங்கியதும் முதலில் கட்டுப்பாட்டுக்குள் வந்த பொருள் டயர். 1942 ஜனவரி 5 முதல் ரேஷன். தகுதியுள்ள வண்டிகள் என்று ஒரு பட்டியல் இருந்தது: மருத்துவர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ், தபால், அவற்றோடு குப்பை அள்ளுவதும் சுகாதாரப் பணிகளும். பட்டியலில் இருந்தால் டயர் கிடைத்துவிடாது. உள்ளூர் ரேஷன் வாரியத்துக்கு மாதாந்திர ஒதுக்கீடு உண்டு. அதற்குள் முறை வர வேண்டும். அந்த வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் ஊர்க்காரர்களே, சம்பளமில்லாத் தொண்டர்கள். அவர்களுக்கு அறையும் விளக்கும் கணப்பும் மேசையும் கொடுத்தது பெரும்பாலும் நகர மன்றம். நகரத்தின் கட்டடத்தில் இருந்துகொண்டே நகரத்தின் லாரிக்கு டயர் இல்லை என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. சொன்னார்கள்.

லாரிகளுக்கு இன்னொரு தாளும் தேவைப்பட்டது: ‘போர்த் தேவைச் சான்றிதழ்’. வண்டி எவ்வளவு தூரம் ஓடலாம் என்ற கணக்கும், அதற்கேற்ற பெட்ரோலும் அதை ஒட்டித்தான். நாடு முழுதும் வேகவரம்பு மணிக்கு 35 மைல். விளைவு குப்பை அள்ளும் அட்டவணையில் தெரிந்தது. வாரம் இருமுறை வந்த வண்டி ஒருமுறை வந்தது. வீட்டின் பின்கட்டுக்குள் வந்து தொட்டியைத் தூக்கிய வழக்கத்தைக் கைவிட்டு, தெருவோரத்தில் கொண்டுவந்து வையுங்கள் என்றார்கள். தகர டப்பாக்களைத் தனியே வைக்க வேண்டும்: தாள் உரித்து, இரு மூடிகளையும் வெட்டி உள்ளே போட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். மிதிக்காத டப்பாவில் பாதி காற்று. லாரி நிறைந்துவிடும், எடை இருக்காது, இரண்டாம் நடைக்கு டயரும் பெட்ரோலும் வீண். போர் தொடங்கியதிலிருந்து மன்றத்துக்கு வந்த குடிமக்கள் கடிதங்களில் ஜப்பானைவிடக் குப்பைத்தொட்டியைப் பற்றியவை அதிகம் என்று யாராவது சொன்னால் நம்புவேன்.

போருக்கான பழைய இரும்பு சேகரிப்பில் மன்றத்துக்கு வந்த பெரிய தலைவலி டிராம் தண்டவாளம். பல நகரங்களில் டிராம் நின்று தாருக்கு அடியில் தண்டவாளம் புதைந்து கிடந்தது. கெஜத்துக்கு 80 பவுண்டு எடையுள்ள தண்டவாளம் என்று வைத்தால், ஒரு மைல் ஒற்றைப் பாதையில் இரண்டு வரிசைக்கும் சேர்த்து 2,81,600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 141 அமெரிக்க டன் எஃகு. ஊர் முழுக்க வாணலி சேகரித்தாலும் இந்த எடை வராது. ஆனால் அது யாருடைய இரும்பு? டிராம் கம்பெனி திவாலாகியிருக்கும். கடன் கொடுத்தவர்கள் உரிமை கோருவார்கள். பழைய உரிம ஒப்பந்தத்தில் ‘சேவையை நிறுத்தினால் தெருவைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும்’ என்ற ஷரத்து இருக்கும். பெயர்ப்பதற்கு டபிள்யூபிஏ ஆட்களைத் தந்தது. பெயர்த்த பிறகு நடுத்தெருவில் கிடந்த பள்ளத்தை நிரப்புவது நகரத்தின் செலவு, அப்போது தாரும் எளிதில் கிடைக்காது. தண்டவாளத்தை அவசரமாகக் கொடுத்துவிட்டு ஒரு குளிர்காலம் முழுதும் சரளைப் பள்ளத்தில் வண்டி ஓட்டிய ஊர்கள் உண்டு. நீதிமன்ற வாசலில் நின்ற உள்நாட்டுப் போர்க்காலப் பீரங்கியைக் கொடுப்பதா என்ற விவாதம் அதைவிடச் சூடாக நடந்தது, எடை என்னவோ அற்பம்.

இருட்டடிப்புக்கும் ஒரு சட்டம் வேண்டும்

விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஊரையே விளக்கணைக்கச் சொல்ல மேயருக்குத் தானாக அதிகாரம் கிடையாது. குடிமைப் பாதுகாப்பு அலுவலகம் 1941 மே 20இல் தொடங்கியிருந்தாலும், மறுப்பவருக்கு அபராதம் போட நகரச் சட்டமோ மாநிலச் சட்டமோ தேவை. மன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் சில பகுதிகள் கட்டாயம் இருக்கும்: அறிவிப்பைக் கொடுப்பவர் யார், காவலருக்கு வீட்டுக்குள் நுழைந்து விளக்கணைக்கும் உரிமை உண்டா, மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் விலக்கு, அபராதம், கடைசியில் அவசர ஷரத்து.

இந்தக் கடைசி ஷரத்தில்தான் கணக்கு இடித்தது. சாதாரண நகரச் சட்டம் இரண்டு மூன்று கூட்டங்களில் வாசிக்கப்பட்டு, நிறைவேறிச் சில வாரங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். உடனே வர வேண்டுமானால் அவசரம் என்று அறிவித்து, மூன்றில் இரண்டு பங்கு, சில ஊர்களில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அதுவும் வந்திருப்பவர்களில் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட மொத்த உறுப்பினர்களில். ஏழு பேர் மன்றத்தில் இருவர் படைக்குப் போய்விட்டால், மூன்றில் இரண்டுக்கு ஐந்து பேரும் கை தூக்கியாக வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் சட்டம் இல்லை. நான்கில் மூன்று என்றால் ஆறு பேர் தேவை, அது நடக்கவே நடக்காது. படைக்குப் போனவரின் இடம் காலியாகிவிட்டதா, விடுப்பா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

சட்டம் வந்த பிறகு தெருவிளக்கு. பல ஊர்களில் அவை தனியார் மின் கம்பெனியுடையவை. பல சுற்றுகளாக, பல இடங்களில் விசை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைக்கும் விசை பொருத்த செம்புக் கம்பி வேண்டும், அதற்குத் தரம் வேண்டும். அது கிடைக்கும்வரை பயிற்சி இரவுகளில் ஆட்கள் விசைக்கு விசை நின்று கடிகாரம் பார்த்து அணைத்தார்கள். சங்கு இன்னொரு குழப்பம். தன்னார்வத் தீயணைப்புப் படையை அழைக்கும் சங்கும் அதுவே, நண்பகல் சங்கும் அதுவே. அதிகாரிகளுக்குள் மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை என்று எச்சரிக்கை வரிசை. மக்களுக்கு நீண்ட ஒலி, விட்டுவிட்டு ஒலி. 1943 தொடக்கத்தில் அந்த ஒலிகளின் பொருளையும் மாற்றினார்கள். அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த அட்டையெல்லாம் வீண்.

தீயணைப்பில் நிஜமாகவே பயந்திருக்க வேண்டிய இடம் யார் கண்ணிலும் படாத ஒன்று: ஹோஸ் இணைப்பின் மரை, அதாவது திருகுப் புரி. பக்கத்து ஊர் வண்டி உதவிக்கு வந்தால் அதன் ஹோஸ் நம் ஊர் ஹைட்ரண்டில் (தெருவோரத் தீயணைப்புக் குழாயில்) பொருந்த வேண்டும். 1904இல் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வெளியூர் வண்டிகள் வந்தும் மரை பொருந்தாமல் நின்றது ஊரறிந்த கதை. அதன்பின் தேசிய அளவுகோல் வந்தது: இரண்டரை அங்குல ஹோஸுக்கு அங்குலத்துக்கு ஏழரை மரை, வெளி விட்டம் மூன்று அங்குலத்துக்கு மேல் ஒரு பதினாறில் ஒரு பங்கு. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் பழைய மரையையே வைத்திருந்த ஊர்கள் ஏராளம். அங்குலத்துக்கு எட்டு மரை உள்ள இணைப்பு முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இருட்டில் அது பொருந்திவிட்டது என்று தோன்றும், தண்ணீர் திறந்ததும் பிய்த்துக்கொள்ளும். இதற்குத் தீர்வு, இரு வேறு மரைகளை இணைக்கும் ஒரு கைப்பிடி அளவு பித்தளை மாற்றி. சமாதான காலத்தில் சில டாலர். 1942இல் பித்தளை முழுதும் தோட்டா உறைக்குப் போனது. முன்கூட்டியே பத்து மாற்றிகள் வாங்கி ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு தொங்கவிட்ட ஊர் தப்பியது. மற்ற ஊர்கள் படிவம் நிரப்பின.

செயலரின் மேசை

படைக்கு அழைக்கப்பட்டவரின் வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்று 1940 செப்டம்பர் 16இல் வந்த படைச்சேர்ப்புச் சட்டம் தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. மாநிலங்களையும் நகரங்களையும் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது காங்கிரஸின் எண்ணம் என்று மட்டும் சொன்னது. அதனால் ஒவ்வொரு மன்றமும் தானே விடுப்புச் சட்டம் எழுதியது. பணிமூப்பு ஓடுமா, ஓய்வூதியப் பங்கை யார் கட்டுவது, அந்த இடத்தில் வந்த தற்காலிக ஆள் பின்னால் உரிமை கோரலாமா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘போர் முடியும்வரை மட்டும்’ என்று நியமனத் தாளிலேயே எழுதாத ஊர்கள் 1946இல் ஒரே நாற்காலிக்கு இரண்டு போலீஸ்காரர்களோடு நின்றன.

சம்பளப் பட்டியல் தயாரிப்பது அதுவரை ஒரு மணி நேர வேலை. 1943 ஜனவரி 1 முதல் வெற்றி வரி: வாரம் 12 டாலருக்கு மேற்பட்ட சம்பளத்தில் 5 சதவீதம் பிடிக்க வேண்டும். 32 டாலர் வாங்குபவருக்கு 1 டாலர். ஜூலை 1இல் வருமான வரிப் பிடித்தமும் சேர்ந்து முறையே மாறியது; கழிவுகள் போக 20 சதவீதம், கழிவு குடும்ப நிலைக்கேற்ப. ஒவ்வொரு ஊழியரிடமும் மனைவி, பிள்ளை விவரம் எழுதி வாங்க வேண்டும். கூடவே போர்ப் பத்திரத்துக்கு விருப்பப் பிடித்தம். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் வாரம் 3.20 டாலர். 25 டாலர் முகமதிப்புள்ள இ-வரிசைப் பத்திரத்தின் விலை 18.75. ஆறு வாரத்தில் 19.20 சேரும், பத்திரம் வாங்கிவிட்டு 45 சென்ட்டை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோக வேண்டும். நாற்பது ஊழியர், நாற்பது மிச்சக் கணக்கு, அனைத்தும் கையால். கூட்டல் இயந்திரம் புதிதாக வாங்க முடியாது. தட்டச்சுப் பொறியைக்கூட அரசாங்கமே திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்த காலம்.

இதற்கு நடுவே ஜன்னலில் வரிசை. போர்த் தொழிற்சாலையில் சேரக் குடியுரிமைச் சான்று வேண்டும். நடுவயதுக்காரர்களில் நிறையப் பேருக்குப் பிறப்புப் பதிவே இருந்ததில்லை. தாமதப் பதிவுக்கு ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிப் பதிவு, பிரசவம் பார்த்தவர் இருந்தால் அவர் வாக்குமூலம் என்று ஆதாரம் சேர்த்துக் கொடுத்தது பிறப்புப் பதிவையும் கவனித்த அலுவலகங்கள்.

சின்னச் சின்னப் பொருள்களும் ஓயவில்லை. மிதிவண்டிக்கு எண், கோழி வளர்க்கத் தடை நீக்கம், காலி மனையில் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர்க் கட்டணம், சிறுவர்களுக்கு இரவு நடமாட்டத் தடை. நாய் வில்லைக்கும் உலோகம் மிச்சம் பிடிக்க வேண்டும். இல்லினாய் மாநிலம் கார் எண் பலகையையே சோயா அட்டையில் அடித்தது, கால்நடைகள் அதைத் தின்றுவிட்டதாகப் பேச்சு. 1943இல் ஒரு சென்ட் நாணயம் செம்பு இல்லாமல் துத்தநாகம் பூசிய எஃகில் வந்தது. போலிக் காசைக் காந்தம் வைத்துப் பிடித்த தானியங்கி இயந்திரங்கள் நல்ல காசையும் துப்பின. பார்க்கிங் மீட்டர் வருமானமோ பெட்ரோல் ரேஷனிலேயே சரிந்திருந்தது.

நகர மன்ற வாசலில் படைக்குப் போனவர்களின் பெயர்ப்பலகை வைப்பதை எல்லா மன்றமும் ஒருமனதாக ஏற்றது. மரப்பலகை, வெள்ளைப் பூச்சு, கறுப்பு எழுத்து. நூறு பெயர் என்று நினைத்துச் செய்த பலகைக்கு அறுநூறு பெயர் வந்தது. அகர வரிசையில் எழுதியவர்கள் புதுப் பெயருக்கு இடமில்லாமல் திணறினார்கள். ஒவ்வொரு பெயரையும் தனி மரச்சட்டத்தில் எழுதி, நழுவவிட்டு நகர்த்தும்படி செய்தவர்கள் புத்திசாலிகள். இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் பொன் நட்சத்திரம். காணாமல் போனவருக்கு என்ன போடுவது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. செயலர் அந்தக் குடும்பத்தைப் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

சேர்ந்த பணம்

செலவழிக்க முடியாத பணம் என்ன ஆயிற்று? கடனை அடைத்தார்கள், மீதத்தைப் போருக்குப் பிந்தைய பணிகளுக்கான நிதி என்று ஒதுக்கினார்கள். அதற்கு முதலில் மாநிலம் சட்டம் இயற்றித் தர வேண்டியிருந்தது, ஏனென்றால் காரணமில்லாமல் உபரி வைத்திருந்தால் வரியைக் குறை என்று வழக்குப் போடலாம். ஒதுக்கியதை எதில் போடுவது? இ-வரிசை தனிநபர்களுக்கு மட்டும். நகரங்களுக்கு எஃப், ஜி வரிசைகள் திறந்திருந்தன. ஜி வரிசையில் ஆண்டுக்கு இரண்டரை சதவீத வட்டி, 12 ஆண்டு தவணை. தேசபக்தியும் வட்டியும் சேர்ந்து வந்ததால் பல மன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கின. பத்திரத்தின் பின்பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது: தவணைக்கு முன் பணமாக்கினால் முகமதிப்பைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இரண்டு மூன்று ஆண்டில் தேவைப்படும் பணத்தைப் பன்னிரண்டு ஆண்டுப் பத்திரத்தில் போட்டிருக்கக்கூடாது. ஒரு சதவீதத்தில் எட்டில் ஏழு பங்கு மட்டுமே வட்டி தந்த ஓராண்டு அரசுக் கடன் சான்றிதழில் போட்ட பொருளாளர் கஞ்சன் என்று பேர் வாங்கினார், அசலை முழுசாகக் காப்பாற்றினார்.

எல்-41 ஆணை 1945 அக்டோபர் 15இல் ரத்தானது. மன்றங்கள் நான்கு ஆண்டுகளாகத் தள்ளிவைத்த பொருள்களை எடுத்தன. 1946 மார்ச்சில் திரும்பி வந்த வீரர்களுக்கு வீடு கட்டவே சரக்கு என்று வேறு கட்டுமானங்களுக்கு மறுபடி கட்டுப்பாடு வந்தது. அந்த ஜூன் கடைசியில் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காலாவதியாகி விலைகள் துள்ளின. 1943 விலையில் மதிப்பிட்ட சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பொறியாளர் புது மதிப்பீடு கொண்டுவந்தபோது ஒதுக்கிய நிதி போதவில்லை. பொருள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.